உதட்டோரத்து ஒளித்துளி

என் மனைவிக்குத் தன் அம்மாவைப் பற்றி ஒரே ஒரு நினைவுதான் உண்டு. அம்மா முத்தம் கொடுத்தால் குத்தும்.

நான்கு வயது நிரம்பும் முன்பே அம்மாவைப் பறிகொடுத்தவள் அவள். முகம் நினைவில்லை. குரல் நினைவில்லை. யாரோ குனிந்து வாரி எடுக்கிறார்கள். புதுத்துணியின் கஞ்சி வாசனை வருகிறது. கன்னத்தில் ஒரு முத்தம் விழுகிறது. முத்தத்தோடு சுருக்கென்று ஒரு குத்தல். அம்மா வழியில் அவளுக்கு வந்த சொத்து இவ்வளவுதான். சொத்து என்றிருந்தால் வில்லங்கம் இல்லாமல் இருக்குமா? அவளை வளர்த்த அத்தை, அதாவது என் மாமனாரின் அக்கா, இந்த ஒற்றை நினைவையும் வேறொருவர் பெயருக்கு மாற்றி எழுதிவிட்டார்.

"அடியே, பொம்பளை முத்தம் எங்கடி குத்தும்? அது உங்கப்பன் மீசை. பச்சைக் குழந்தை நீ, ஆளை மாத்தி ஞாபகம் வெச்சிருக்க."

மாமனாரின் மீசை அப்படிப்பட்டதுதான். துணி துவைக்கும் பிரஷ்ஷை மேலுதட்டில் ஒட்டவைத்தது போலிருக்கும். ஆகவே அத்தையின் தீர்ப்புக்குக் குடும்பமே தலையாட்டியது. கொஞ்சம் வளர்ந்த பிறகு என் மனைவி அப்பாவிடமே கேட்டிருக்கிறாள். அவர் மீசையை ஒருமுறை தடவிவிட்டு, "அத்தை சொன்னா சரியா இருக்கும்" என்று சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாராம். அவர் அப்படித்தான். வார்த்தைகளை ரேஷனில் வழங்கிய மனிதர்.

அவள் வாயளவில் ஒப்புக்கொண்டாள், மனதளவில் இல்லை. கல்யாணமான புதிதில் இதை என்னிடம் சொல்லிவிட்டு, "மீசைன்னா பரவலாக் குத்தும். இது ஒரே எடத்துல குத்திச்சு" என்றாள். நான் புது மாப்பிள்ளை. மாமனாரின் மீசையைப் பற்றிக் கருத்துச் சொல்லும் நிலையில் இல்லை.

மாமனார் காலமான பிறகு அந்த வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரே பொருள்தான்: அவள் அம்மாவின் படம். அம்மாவுக்கு வேறு படமே கிடையாது. ஜன்னலோரம் ஓர் இளம்பெண். முகம் சற்றுத் திரும்பியிருக்கும். கொதிக்கும் பாலின் ஆவிக்கு அந்தப் பக்கம் நிற்பவளைப் போல அத்தனை மென்மை. மூடிய உதடுகளில் அடக்கிவைத்த ஒரு புன்னகை, உதட்டோரத்தில் ஒரு சின்ன ஒளித்துளி, கழுத்தில் வெளிறிய கோடாக ஒரு சங்கிலி. அந்தச் சங்கிலி எங்கே போனது என்பது இரண்டு குடும்பங்களுக்கிடையே பல வருடங்களாக நடந்துவந்த பனிப்போர். "அவ அண்ணன் பொண்டாட்டிதான் அமுக்கிட்டா" என்பது அத்தையின் உறுதியான கட்சி.

என் மனைவி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் படத்தின் முன் நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கிட்டே போகப் போக முகம் கரைந்துவிடும். தள்ளி நின்றால் அம்மா; நெருங்கினால் புகை. அவள் பெருமூச்சு விட்டுவிட்டு அரிசி களையப் போய்விடுவாள்.

அந்தக் காலத்தில் எனக்கு ஒரு கெட்ட சகவாசம் இருந்தது. குடி, சீட்டு என்று இருந்திருந்தால் வீட்டில் புரிந்துகொண்டிருப்பார்கள். இது ஃபிலிம் கேமரா. செல்போனிலேயே எல்லோரும் படம் எடுக்க ஆரம்பித்து, ஃபிலிம் விற்ற கடைகளெல்லாம் செருப்புக் கடைகளாக மாறிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. நாங்கள் நாலு பேர் மட்டும், ஊர் கைவிட்ட பெரிய நெகட்டிவ் கேமராக்களைக் கட்டிக்கொண்டு அழுதோம். மீடியம் ஃபார்மட் என்பார்கள். உள்ளங்கையில் பாதி நிறைக்கிற நெகட்டிவ், ஒரு சுருளுக்குப் பத்துப் பன்னிரண்டு படம். கேமராவை வயிற்றுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, கிணற்றுக்குள் பார்ப்பது போலத் தலையைக் குனிந்து பார்க்கவேண்டும். உள்ளே உலகம் இடவலம் மாறித் தெரியும். வலது பக்கம் போகிற மனைவியைப் பிடிக்க இடது பக்கம் திரும்புவீர்கள், அவள் சட்டத்தை விட்டே போய்விடுவாள். இந்தத் தடுமாற்றத்தை நாங்கள் தியானம் என்று அழைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பல் டாக்டரின் கிளினிக்கில் கூடுவோம். எக்ஸ்ரே பார்க்கிற விளக்குப் பெட்டியில் நெகட்டிவ்களை மாட்டிவைத்துப் பார்ப்போம். பல் பிடுங்கும் நாற்காலியில் யார் சாய்வது என்பதற்கு முறை உண்டு. வாரத்துக்கு ஒருவர்.

டாக்டரிடம் இருந்தது ரெட்டைக் கண் ரோலிஃப்ளெக்ஸ், நாலு கண்ணாடித் துண்டுகள் அடங்கிய பழைய டெஸ்ஸார் லென்ஸ். எங்கள் மதத்தின் முதல் சூத்திரமே 'லென்ஸுக்குக் குணம் உண்டு' என்பதுதான். சிரிப்பதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அதில் உண்மை இருக்கிறது. டாக்டரின் லென்ஸை முழுக்கத் திறந்து எடுத்தால் நடுவில் கண்ணும் மூக்கும் கத்தி மாதிரி இருக்கும். ஓரங்கள் மட்டும் தூக்கம் வந்த குழந்தை போலத் தளர்ந்து சரியும். வக்கீலிடம் இருந்த ஹாசல்பிளாட் ஓரம் வரை கறார். கறுப்பு கறுப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் இருக்கும், பின்னால் தூரத்தில் எரியும் விளக்குகள் ஐந்து முனையுள்ள பொட்டுகளாக விழும். மர வியாபாரியிடம் இருந்தது பென்டாக்ஸ். தூக்கினால் தோள் இறங்கும், அமுக்கினால் தெருநாய் குரைக்கும். அந்தச் சத்தத்துக்காகவே அவருக்குப் பீரங்கி என்று பெயர். அதன் லென்ஸில் இமைமயிர் தெளிவாக இருந்தால் காது இருக்காது. அவ்வளவு மெல்லிய தெளிவு. என்னிடம் இருந்தது துருத்தி வைத்த மடக்குக் கேமரா, மூன்றே கண்ணாடித் துண்டுகள். பின்னணியில் இருக்கும் இலைகள் நீர்ச்சுழியில் அகப்பட்ட மாதிரி சுழலும். துருத்தியில் ஓட்டையும் உண்டு. அதையும் குணத்தில் சேர்த்துக்கொண்டேன்.

ஒரே ஆளை நாலு கேமராவில் எடுத்தால் நாலு ஆள் கிடைப்பார்கள். இதுவரை சரி. இதற்கு மேல்தான் நாங்கள் வழிதவறினோம். "இந்த லென்ஸ் மூச்சு விடுது சார்" என்பார் டாக்டர். "உங்க லென்ஸ் சாட்சி சொல்லாது டாக்டர், கதை சொல்லும்" என்பார் வக்கீல். பீரங்கி இருவரையும் பொதுவாக முறைத்துவிட்டு, "பொம்மைக் கேமராவை வெச்சுக்கிட்டுப் பேச்சைப் பாரு" என்பார்.

ஒருநாள் டாக்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்தவர் ஹாலில் அந்தப் படத்தைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"டீ ஆறுது டாக்டர்" என்றாள் என் மனைவி.

"தங்கச்சி, இது எதுல எடுத்தது?"

"கேமராலதான்."

"அது சரி. எந்தக் கேமரா? என்ன லென்ஸ்?"

"தெரியாது டாக்டர். அப்பா எதுவும் சொன்னதில்ல. அத்தை அப்ப அந்த ஊர்லயே இல்ல."

டாக்டர் டீயை மறந்து படத்தை நோக்கி ஓர் அடி எடுத்துவைத்தார். கோயிலுக்குள் நுழைபவர் போலச் செருப்பில்லாத காலைப் பார்த்துக்கொண்டார். "அந்த உதட்டோரத்தைப் பாரு. அந்த ஒளித்துளி! இதை எவனும் வெளிச்சம் வெச்சு எடுக்க முடியாது. கண்ணாடி தானா கொடுக்கணும். லென்ஸோட ஆத்மா தங்கச்சி இது."

என் மனைவி என்னைப் பார்த்தாள். இந்த ஆளிடமா போன மாதம் கடைவாய்ப் பல்லைக் காட்டினோம் என்ற கேள்வி அந்தப் பார்வையில் இருந்தது.

அடுத்த ஞாயிறு சபை எங்கள் வீட்டுக்கு இடம் மாறியது. மூவரும் பூதக்கண்ணாடியோடு வந்து இறங்கினார்கள். படத்தின் முன் நாற்காலியைப் போட்டு, ஒருவர் மாற்றி ஒருவர் ஏறி நின்றார்கள். சண்டை அந்த ஒளித்துளியில் தொடங்கியது.

"ஐந்து முனை" என்றார் வக்கீல். "உன்னிப்பாப் பாருங்க. ஐந்து முனை இருக்கு. என்னோட லென்ஸ் ஜாதி."

"வட்டம்" என்றார் டாக்டர். "பவுர்ணமி மாதிரி வட்டம். உங்களுக்குக் கண்புரை வந்திருக்கு."

"ரெண்டும் இல்ல, நீட்டமா இருக்கு" என்றார் பீரங்கி. பாவம், அன்று அந்த வீட்டில் உண்மைக்கு மிக அருகில் போனவர் அவர்தான். இருவரும் சேர்ந்து அவரை அடக்கிவிட்டார்கள்.

"நீட்டமா! மரக்கட்டையைப் பார்த்துப் பார்த்து உமக்கு எல்லாம் நீட்டமாத்தான் தெரியும்."

பிறகு டாக்டர் அந்தப் புன்னகையை வியாக்கியானம் செய்தார். உதடு முழுதாக மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை. ஏதோ ஒரு ரகசியத்தை வாய்க்குள் வைத்திருக்கிற பாவனை. சாதாரண லென்ஸ் இதைச் சிரிப்பாக்கிவிடும் அல்லது சோகமாக்கிவிடும். மகத்தான லென்ஸ்தான் நடுவில் நிறுத்தும். நானும் தலையாட்டினேன். ஆட்டிய தலைகளில் என்னுடையதும் ஒன்று என்பதை மறைத்து என்ன பயன்?

என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கதவோரம் நின்றிருந்தாள்.

"இதைத் தெளிவாக்க முடியுமா?" என்று கேட்டாள்.

மூவரும் அபச்சாரம் கேட்டவர்கள் போலத் திரும்பினார்கள்.

"தெளிவா? என்ன தங்கச்சி இப்படிக் கேட்டுட்ட! இந்த மங்கல்தானே இதோட உயிரு!"

"உயிரு இருக்கட்டும் டாக்டர். எனக்கு மூஞ்சி வேணும். எங்கம்மா மூஞ்சியை நான் ஒருதடவை கூடச் சரியாப் பார்த்ததில்ல."

வக்கீல்தான் சமாளித்தார். நெகட்டிவ் இல்லாமல் தெளிவு வராது, நெகட்டிவ் எடுத்தவரிடம் இருக்கும், எடுத்தவரைத் தேட வேண்டுமென்றால் அவர் வைத்திருந்த கேமரா எதுவென்று தெரியவேண்டும், அதற்கு லென்ஸின் குணத்தை நிர்ணயிக்கவேண்டும். சுற்றி வளைத்து ஆராய்ச்சியைத் தொடர அனுமதி வாங்கிவிட்டார். அதற்குத்தானே வக்கீல்.

"சரி, என்ன செய்யணும்?" என்றாள்.

அவள் உட்காரவேண்டும் என்று முடிவாயிற்று. அதே மாதிரி ஜன்னல், அதே மாதிரி திரும்பிய முகம், அதே வெளிச்சம். நாலு கேமராவிலும் எடுத்து ஒப்பிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஜன்னலோரம் அவள் உட்கார்ந்தாள். படத்தில் இருந்த அம்மாவை விட அவளுக்கு அப்போது பதினைந்து வயதாவது கூடுதல். அம்மாவுக்கு அக்கா மாதிரி இருந்தாள். இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. குடும்பம் நடத்தத் தெரிந்தவன்.

"மோவாயைக் கொஞ்சம் இறக்கு தங்கச்சி. புன்னகையை அடக்கு."

"வந்தாத்தானே அடக்க?"

டாக்டர் எடுத்தார். வக்கீல் ஒளிமானியை அவள் மூக்குக்கு நேரே நீட்டிக் குறுக்கு விசாரணை செய்துவிட்டு எடுத்தார். பீரங்கி அமுக்கியபோது எழுந்த சத்தத்தில் அடுக்களையில் ஒரு தம்ளர் உருண்டது. நான் எடுத்தேன், சுருளை நகர்த்த மறந்து அதன் மேலேயே இன்னொன்றும் எடுத்தேன்.

கழுவிய படங்களை அடுத்த வாரம் கொடியில் மாட்டினோம். டாக்டரின் படத்தில் அவள் அழகாக இருந்தாள். கண்ணில் கூர்மை, தோளருகே கனவு. வக்கீலின் படத்தில் ஒவ்வொரு சுருக்கமும் தனித்தனியாக ஆஜராகியிருந்தது, அவள் அதைப் பார்த்துவிட்டு, "நான் என்ன குத்தம் பண்ணேன்?" என்று கேட்டாள். பீரங்கியின் படத்தில் ஓர் இமை மட்டும் தெளிவு, அதுவும் சத்தத்துக்குப் பயந்து மூடிய இமை. என் படத்தில் இரண்டு மனைவிகள் ஒன்றுக்குள் ஒன்று கலந்திருந்தார்கள். ஒருத்தியே போதும் என்று நான் எப்போதும் சொல்லிவந்திருக்கிறேன்.

ஒன்றில்கூட அந்த மென்மை இல்லை. அந்த ஒளித்துளி இல்லவே இல்லை.

வேறு ஆட்களாக இருந்தால் அத்தோடு விட்டிருப்பார்கள். நாங்கள் இன்னும் தீவிரமானோம். லென்ஸின் மேல் மூச்சுவிட்டு எடுத்தோம். மழை நாளில் எடுத்தோம். வாடகைக்கு வேறு இரண்டு கேமராக்கள் வந்தன. என் மனைவி வாராவாரம் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். காய் நறுக்கிக்கொண்டே உட்கார்ந்தாள், கடைசியில் தூங்கிக்கொண்டே உட்கார்ந்தாள். "அந்தக் காலத்துக் கண்ணாடியே வேற சார். இப்ப அந்த மண்ணே கிடைக்காது" என்று டாக்டர் அறிவித்தார். உலகத்தில் ஒன்றோ இரண்டோ செய்து, பிறகு நிறுத்திவிட்ட ஏதோ ஒரு லென்ஸ் என்கிற முடிவை நோக்கிச் சபை நகர்ந்தது. வக்கீல் ஒரு படி மேலே போய், சட்டத்தின் முன்கண்ணாடி பிரதிபலிக்கிறது, அதைக் கழற்றினால் ஒளித்துளியின் முனைகளைச் சரியாக எண்ணிவிடலாம் என்றார்.

"அப்பா கையால ஆணி அடிச்ச சட்டம். அதை யாரும் தொடக்கூடாது" என்றாள் என் மனைவி.

"முனையை எண்ணினா..."

"என்ன சார் முனை?" அவள் குரல் உயர்ந்தது. "ரெண்டு மாசமா இந்தப் படத்துல வெளிச்சத்தைப் பார்த்தீங்க, நிழலைப் பார்த்தீங்க, முனையைப் பார்த்தீங்க. ஒருத்தராவது எங்கம்மாவைப் பார்த்தீங்களா? நீங்க பார்க்கிற மாதிரி எனக்குப் பார்க்கத் தெரியல. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். எனக்கு ஞாபகம் இருக்கிறது அம்மாவா, இல்ல மீசையா. அதுக்கு உங்க லென்ஸ் பதில் சொல்லுமா?"

முத்தக் கதை அவர்களுக்குத் தெரியாது. நான்தான் மெதுவாகச் சொன்னேன். டாக்டர் பூதக்கண்ணாடியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். பீரங்கி, "எங்கம்மா போனப்ப எனக்கும் சின்ன வயசுதான்" என்றார். அவர் அவ்வளவு தணிந்து பேசி நாங்கள் கேட்டதில்லை.

என் மனைவி அடுக்களைக்குப் போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். வெண்ணெய்க் கத்தியோடு திரும்பி வந்தாள். நாற்காலியில் ஏறிப் படத்தை இறக்கினாள், மேசைமேல் கவிழ்த்தாள், அப்பா அடித்த துருப்பிடித்த ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பினாள்.

"நீங்க யாரும் தொடக்கூடாதுன்னுதான் சொன்னேன். நான் தொடலாம்."

பின்பலகையை எடுத்தாள். பலகைக்கும் படத்துக்கும் நடுவில், மருந்துக்கடைப் பொட்டலம் போல மடித்த பழுப்புக் காகிதம் இருந்தது. அதற்குள் ஒரு சதுர நெகட்டிவ்.

இதை இப்போது எழுதும்போதும் எனக்கு வியர்க்கிறது. நாலு நிபுணர்கள். பூதக்கண்ணாடி, ஒளிமானி, வாடகைக் கேமரா, மண், ஆத்மா. படத்தின் முன்பக்கத்தில் கடைசித் துகள் வரை மேய்ந்துவிட்டோம். அதைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை. முகத்தையே பார்த்து மயங்குகிறவனுக்கு முதுகு எங்கே நினைவுக்கு வரும்?

டாக்டர் நெகட்டிவ்வின் ஓரத்தைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். "உதட்டுல ஏதோ கோடு தெரியுது" என்றார்.

"கீறல்" என்றார் வக்கீல். பழக்க தோஷம்.

எங்கள் வீட்டுக் குளியலறைதான் என் இருட்டறை. ஜன்னலில் போர்வை, துணி துவைக்கும் மெஷின்மேல் படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜர், சிவப்பு பல்பு. அன்று பட்டப்பகலில் ஐந்து பேர் அதற்குள் அடைந்தோம். பீரங்கியின் வயிறு குழாயைத் திறந்துவிட்டது. வக்கீல் வாளிக்குள் ஒரு காலை விட்டபடி நின்றார். வினிகரும் பழைய சோப்பும் கலந்த அந்த வாசனை இப்போதும் எங்காவது மூக்கில் பட்டால், நான் அந்தக் குளியலறையில்தான் நிற்பேன்.

வெளிச்சம் காட்டிய காகிதத்தை டெவலப்பர் கரைசலில் நழுவவிட்டேன். தட்டை ஆட்டினேன். முதலில் கூந்தல் கறுத்தது. ஜன்னல் கம்பி வந்தது. பிறகு கழுத்தில் அந்தச் சங்கிலி வந்தது. வந்துகொண்டே இருந்தது. சங்கிலியில் சின்னச் சின்னக் கோடுகள், கோடுகளுக்கு நடுவே எண்கள்.

"இது அளவு நாடா" என்றாள் என் மனைவி. "தையக்காரங்க கழுத்துல போட்டுக்கிற நாடா."

அவள் அம்மா அக்கம்பக்கத்தாருக்குத் துணி தைத்துக் கொடுத்தவள் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தத் தையல் மெஷின் அத்தை வீட்டில் டிவி வைக்கும் மேசையாகப் பல வருடங்களாக உழைத்துவருகிறது. ஆனால் யாருக்கும் அதைப் படத்தோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. அவ்வளவு மென்மையான படத்தில் தையல் எங்கிருந்து வரும்?

பிறகு முகம் வந்தது. புகையில்லை, பால் ஆவியில்லை. நெற்றியில் ஓர் அம்மைத் தழும்பு. ஒரு புருவம் இன்னொன்றைவிடக் கொஞ்சம் மேலே. வேலைக்கு நடுவில் கூப்பிட்டு நிறுத்திவைத்த எரிச்சல், 'சீக்கிரம் எடுத்துத் தொலை' என்கிற பார்வை. புன்னகை அடக்கமாக இருந்ததற்குக் காரணமும் தெரிந்தது. உதட்டின் ஓரத்தில் மூன்று குண்டூசிகள். தலையைப் பல்லில் கடித்து, முனையை வெளியே நீட்டி, தையல்காரர்கள் வைத்துக்கொள்வது போல வைத்திருந்தாள்.

பவுர்ணமியும் இல்லை, ஐந்து முனையும் இல்லை. நீட்டமாகத்தான் இருந்தது.

"எங்க ஆசாரிங்க ஆணியை இப்படித்தான் வாயில வெச்சுக்குவாங்க" என்று பீரங்கி முணுமுணுத்தார். "அதோடயே வெத்தலை கேப்பாங்க."

என் மனைவி ஈரப் படத்தின்மேல் குனிந்திருந்தாள். அப்புறம் தன் இடது கன்னத்தில், காதுக்குக் கொஞ்சம் கீழே, ஒரு விரலை வைத்தாள்.

"இங்கதான்" என்றாள். "இந்த எடத்துலதான் குத்திச்சு."

சிவப்பு வெளிச்சத்தில் யார் முகத்திலும் ஈரம் தெரியாது. அது ஒரு வசதி.

அவள் மூக்கை உறிஞ்சிவிட்டு நிமிர்ந்தாள். "டாக்டர், வாய் உங்க டிபார்ட்மெண்ட் இல்லையா?"

டாக்டர் சங்கடத்தோடு சிரித்தார். அவர்தான் அந்த மென்மையின் மர்மத்தையும் கடைசியில் உடைத்தார். என்லார்ஜருக்குக் கீழே மெல்லிய கால்மேஜோட்டுத் துணியைக் கட்டி பிரிண்ட் போட்டால் முகம் இப்படி மிதக்கும்; பருவையும் தழும்பையும் மறைக்க அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர்கள் செய்கிற வேலை. "எனக்குத் தெரியும். ரொம்ப நாளாவே தெரியும். ஆனா பாருங்க, ஞாபகமே வரல" என்றார். ஆத்மாவைத் தேடுகிறவனுக்குக் கால்மேஜோடு நினைவுக்கு வராதுதான்.

மாமனாரை நினைத்துக்கொண்டேன். மனைவி போய்விட்டாள், மாட்டுவதற்கு வேறு படம் இல்லை. வாயில் குண்டூசியும் கண்ணில் எரிச்சலுமாக இருப்பவளை எப்படிச் சுவரில் ஏற்றுவது? ஸ்டுடியோக்காரரிடம் போய் என்ன சொல்லியிருப்பார்? "கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்று மூன்றே வார்த்தையில் முடித்திருப்பார். ஊருக்கு ஒரு சாந்த சொரூபியைக் கொடுத்துவிட்டு, தான் வாழ்ந்த பெண்ணை அதன் முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைத்து ஆணி அடித்திருக்கிறார். மகள் வந்து கேட்டபோது ஏன் சொல்லவில்லை? அது எனக்குத் தெரியாது. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனவர் எவ்வளவு தூரம் நடந்தார் என்பதும் தெரியாது.

நிபுணர்கள் திருந்திவிட்டதாக நீங்கள் நினைத்தால் அது என் எழுத்தின் குறை. படம் காய்வதற்குள்ளேயே வக்கீல் தொடங்கிவிட்டார். நாடாவில் எண்களைப் படிக்க முடிகிறதே, இந்தக் கறார் வேறு எந்த லென்ஸுக்கு உண்டு, நான் அப்போதே சொன்னேனா இல்லையா? டாக்டர், நடுவில் இவ்வளவு கூர்மையென்றால் அது டெஸ்ஸார்தான், ஓரத்தைப் பாருங்கள் என்றார். அந்த வழக்கு இன்றுவரை முடியவில்லை. வக்கீல் பிறகு டிஜிட்டலுக்கு மாறிப்போனார். நாங்கள் அவரைப் பற்றி வெளியாரிடம் பேசுவதில்லை. பீரங்கி இப்போது இல்லை. அவருடைய கேமராவை அவர் மகன் கண்ணாடி அலமாரியில் பொம்மை போல வைத்திருக்கிறான். எப்போதாவது அங்கே போனால் யாரும் பார்க்காத நேரத்தில் ஒருமுறை அமுக்கிவிட்டு வருவேன். தெருநாய் இன்றும் குரைக்கிறது.

புதுப் படத்தைச் சட்டத்தில் போட்டு மாட்டினோம். பழைய பிரிண்ட்டைக் கொடுக்க முடியுமா என்று டாக்டர் கூச்சத்தோடு கேட்டார், கிளினிக்கில் மாட்டிக்கொள்வாராம். "பல்லுவலியோட வர்றவங்க என்ன பாவம் பண்ணாங்க?" என்று சொல்லிவிட்டு, என் மனைவி அதைப் பழுப்புக் காகிதத்தில் மடித்து, புதுப் படத்துக்குப் பின்னால் வைத்து ஆணி அடித்தாள்.

அடுத்த மாதம் அத்தை வந்தார். பையை இறக்கிவைத்துவிட்டு நிமிர்ந்தவர் சுவரைப் பார்த்தார்.

"எங்கடி சங்கிலி?"

"அது அளவு நாடா, அத்தை. சங்கிலியே கிடையாது."

அத்தைக்கு உட்காரத் தோன்றியது. பல வருடப் பகை ஒன்று காலடியிலிருந்து உருவப்பட்டால் யாருக்கும் கொஞ்சம் தள்ளாடும். என் மாமியாரின் அண்ணன் மனைவியைப் பற்றி இனி எதை வைத்துப் பேசுவது?

"வாயில என்னடி அது?"

"நீங்களே பாருங்க."

என் மனைவி தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அத்தைக்கு மாட்டிவிட்டாள். அத்தை படத்துக்குக் கிட்டே போனார். இன்னும் கிட்டே போனார். இந்த முறை முகம் கரையவில்லை. வெகுநேரம் நின்றார்.

"ஊசியை வாயில வெச்சுக்கிட்டே பிள்ளையைக் கொஞ்சியிருக்கா பாரு, அவசரக் குடுக்கை" என்றார். "மீசைன்னு சொன்னவ நான்தான்."

"பரவால்ல விடுங்க அத்தை."

"என்னத்தை விட? எனக்கு அப்பவே தோணியிருக்கணும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்கப்பன் என்னிக்குடி முத்தம் கொடுத்தான்?"